புல்வெளியில் நான்காவது கட்டடம்: கையெழுத்திடலாமா?

கேள்வி: சென்னையை அடுத்த பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் 4.45 ஏக்கரில், மூன்று கட்டடங்களில் 240 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 2021 முதல் வசிக்கிறோம். நடுவே உள்ள புல்வெளியில் 60 வீடுகளுடன் நான்காவது கட்டடம் எழுப்பப் போவதாக பில்டர் சொல்கிறார். அரசு எஃப்எஸ்ஐயை (தளப்பரப்புக் குறியீடு; ஒரு நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) உயர்த்திவிட்டதால் தமக்கு அந்த உரிமை உண்டென்றும், முன்புறம் ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) பூங்கா இருப்பதால் திறந்தவெளி குறையாது என்றும், சம்மதித்தால் நீச்சல் குளமும் பெரிய கிளப் ஹவுஸும் கட்டித் தருவதாகவும் கூறி, வீடு வீடாகச் சம்மதக் கடிதம் வாங்குகிறார். இதற்கிடையில், அந்த ஓஎஸ்ஆர் பூங்காவைப் பூட்டி வைத்திருப்பது தவறு, பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று உள்ளாட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய இடத்துக்குள் வெளியாட்களை ஏன் விட வேண்டும்? சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்:

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த அனுமதி வரைபடம், விளம்பரக் கையேடு, உங்கள் வீட்டின் கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம் ஆகிய நான்கையும் பார்த்தேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பூங்காவின் பூட்டைத் திறந்துவிடுங்கள், சம்மதக் கடிதத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று உங்கள் உறுப்பினர்கள் சிலருக்குத் தோன்றலாம். ஒரு திறந்தவெளியை விட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேனே என்று கேட்பார்கள். அப்படிச் சொல்வதற்குக் காரணம், 'திறந்தவெளி' என்ற ஒரே சொல்லால் நீங்களும் உங்கள் பில்டரும் மூன்று வெவ்வேறு நிலங்களைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதுதான். மூன்றுக்கும் உரிமையாளர் வேறு, சட்டம் வேறு. அவற்றைக் கலந்து பேசுவதில் ஆதாயம் அடைபவர் பில்டர் மட்டுமே.

முதலாவது, சாலையோரம் உள்ள ஓஎஸ்ஆர் நிலம். தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையைப் பிரித்தாலோ அதில் பெரிய குடியிருப்பைக் கட்டினாலோ, சாலைக்கான பகுதி நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் விலையின்றி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளுக்கு நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் செலுத்தும் வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும். ஒதுக்கும் இடம் 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறுகக் கூடாது. உங்கள் மனை ஏறத்தாழ 18,000 சதுர மீட்டர். அதில் 1,500 சதுர மீட்டர் பொதுச் சாலைக்காகக் கொடுக்கப்பட்டிருப்பதாக வரைபடம் காட்டுகிறது. எஞ்சிய 16,500 சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கான 1,650 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழரை கிரவுண்டு, ஓஎஸ்ஆர் நிலமாக உள்ளாட்சிக்குப் போயிருக்கிறது. அந்தத் தானப் பத்திரம் பதிவானது உங்களில் எவரும் வீடு வாங்குவதற்கு முன்பே. ஆகவே, 'நாங்கள் காசு கொடுத்து வாங்கிய இடம்' என்று அதைச் சொல்வது சரியல்ல. உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே அந்தப் பரப்பு கழிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

'விலையில்லாமல் நிலத்தைப் பறிப்பது சொத்துரிமைக்கு எதிரானது அல்லவா' என்று உங்கள் சங்கத்தில் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மட்டும் கேட்ட கேள்வி அல்ல அது. சென்னையின் ஓர் அடுக்ககத்து உரிமையாளர்கள் இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள். 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 10 விழுக்காடு நிலத்தைத் தானமாகக் கேட்கும் விதி செல்லும் என்றது. அதற்கு முன், 1990-களில், தில்லி மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சற்று மாறுபட்ட இடத்தில் நின்றது: சட்டத்தின் துணை இல்லாமல் வெறும் தீர்மானத்தைக் கொண்டு மனைப்பிரிவின் பூங்கா நிலத்தை இலவசமாகத் தன் பெயருக்கு மாற்றச் சொல்ல மாநகராட்சிக்கு அதிகாரமில்லை, ஆயினும் பூங்காவென்று ஒதுக்கப்பட்ட நிலத்தை அதன் பழைய உரிமையாளரும் வேறெதற்கும் பயன்படுத்த முடியாது, அது ஒருவகை அறக்கட்டளைச் சொத்தைப் போல நிற்கிறது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. இந்த இரண்டாவது பகுதி உங்களுக்குப் பின்னால் பயன்படும். உள்ளாட்சியும் அந்த நிலத்தை விருப்பம்போல் கையாள முடியாது என்பதற்கு 1991-ஆம் ஆண்டின் பெங்களூரு வழக்கு சான்று: அங்கே பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்ததை அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாளை உங்கள் ஓஎஸ்ஆர் நிலத்தில் யாராவது சமுதாயக் கூடமோ கடை வரிசையோ கட்ட வந்தால், நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு அது. பூங்காவைப் பூட்டி வைத்திருக்கும் சங்கம் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினால் எவரும் மதிக்க மாட்டார்கள்.

நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. ஓஎஸ்ஆர் பூங்காவைப் பராமரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே விடுவதற்கு விதிகள் இடம் தருகின்றன. நீங்களே எழுத்துமூலம் கேளுங்கள். சாலைப் பக்கத்து வாசலைக் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பது, பூங்காவுக்கும் உங்கள் வளாகத்துக்கும் இடையே உள்ள சிறு கதவில் மட்டும் உங்கள் பாதுகாப்பை வைத்துக்கொள்வது, தண்ணீரும் தோட்டக்காரர் சம்பளமும் உங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொள்வது, இவ்வளவு போதும். பராமரிப்பவர் உடைமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் எந்த மரத்தை நடுவது, எந்த விளக்கைப் போடுவது என்பதில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். பனகல் பூங்காவுக்கு எந்தத் தெருக்காரரும் உரிமை கொண்டாடுவதில்லை. ஆனாலும் தியாகராய நகரில் அதைச் சுற்றி வீடு வைத்திருந்தவர்களுக்கு அதனால் நட்டம் ஏதும் வந்ததில்லை. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் மாம்பலத்தில் அந்த நகரை வகுத்தவர்கள் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை அதிலிருந்து பிரித்தார்கள். இன்று நாம் கட்டடங்களை முதலில் வைத்துவிட்டு, மிஞ்சிய மூலையைப் பூங்கா என்கிறோம். இதை மற்றவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இளம் வயதில் ஒரு நிறுவனத்தின் வரைபட அறையில் வேலை பார்த்தபோது, உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் கிடந்த ஒரு முக்கோணத் துண்டை 10 விழுக்காட்டுக் கணக்கில் சேர்த்து வரைந்தவன் நானும்தான். பத்து மீட்டர் அகல விதி அதில் எங்கே பொருந்துகிறது என்று அளவுகோலை வைத்துத் தேடியது இப்போதும் நினைவிருக்கிறது. அந்த வகையில், சாலையை ஒட்டிச் செவ்வக வடிவில் உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல பூங்காதான்.

இரண்டாவது வகை, கட்டடங்களைச் சுற்றி விடப்பட்ட பக்க இடைவெளி, அதாவது செட்பேக். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விட்ட இடம் அது. திறந்து கிடப்பதால் மட்டும் அது திறந்தவெளிக் கணக்கில் வராது. ஓஎஸ்ஆர் நிலத்தை இந்த இடைவெளிகளுக்குப் புறம்பாகத்தான் காட்ட வேண்டும். பில்டரின் கையேட்டில் '70 விழுக்காடு திறந்தவெளி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது இந்த இடைவெளி, உள் சாலை, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் கூட்டித்தான். அதில் குழந்தை பந்து விளையாட முடிகிற இடம் எவ்வளவு என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் வழக்கின் மையம்: உங்கள் புல்வெளி. அனுமதி வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. மூன்று கட்டடங்களுக்கு நடுவே வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது. கையேட்டில் மட்டும் 'மையப் புல்வெளி' என்று பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஓஎஸ்ஆர் நிலத்துக்கு இருக்கும் சட்டக் காவல் இதற்கு இல்லை. அதனால்தான் பில்டரின் கண் அதன் மேல் விழுந்திருக்கிறது. அதே நேரத்தில் அது அவருடைய நிலமும் அல்ல. இதைப் புரிந்துகொள்ள, அந்த வெற்றிடம் முதலில் எப்படி உண்டானது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே உயரம், இடைவெளி, பரப்பு என்று கட்டுப்பாடு விதிப்பது பழைய முறை. நிலம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, மொத்தத் தளப்பரப்பை மட்டும் வரையறுத்துவிட்டு, கட்டடத்தை எங்கே ஒடுக்கலாம், எங்கே உயர்த்தலாம் என்பதை வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுவது தொகுப்புக் குடியிருப்பு முறை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1929-இல் தொடங்கிய ரேட்பர்ன் குடியிருப்பு இதன் முன்னோடிகளுள் ஒன்று. வீட்டு மனைகளைச் சற்றுச் சிறிதாக்கி, அப்படிச் சேமித்த நிலத்தை வீடுகளின் பின்னே தொடர் பூங்காவாக இணைத்தார்கள். பூங்காவைப் பராமரிக்க ஒரு சங்கத்தையும் வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஒளிந்திருக்கிறது. கட்டுபவருக்கு விதியில் நெகிழ்வு கிடைக்கிறது. அதற்கு ஈடாக, வாழ வருபவர்களுக்குத் தரையில் திறந்த நிலம் கிடைக்கிறது. உங்கள் மூன்று கட்டடங்களும் உயரமாக எழும்ப முடிந்ததற்குக் காரணம், நடுவே அந்த நிலம் வெறுமையாக விடப்பட்டதுதான். நெகிழ்வை முதலில் பயன்படுத்திக்கொண்டு, அதற்கு ஈடாக விட்ட இடத்தைப் பிறகு விற்பது என்பது ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை வாங்குவதாகும்.

'எஃப்எஸ்ஐ கூடிவிட்டது' என்ற வாதத்துக்கு வருகிறேன். அது பாதி உண்மை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது, முன்பு 1.5 ஆக இருந்த சாதாரணக் கட்டடங்களின் தளப்பரப்புக் குறியீடு 2.0 என்றும், உயரமான கட்டடங்களுக்கு 2.5 ஆக இருந்தது 3.25 என்றும் நிலைபெற்றன. அதற்கும் மேல், சாலையின் அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 விழுக்காடு வரை பிரீமியம் எஃப்எஸ்ஐ விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் எஃப்எஸ்ஐ என்பது ஒரு நிலத்தில் இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. அது உயரும்போது அதன் பயன் யாருக்குச் சேரும் என்று கட்டட விதி சொல்வதில்லை. நிலம் யாருடையதோ அவருக்குச் சேரும். ஆகவே கேள்வி எஃப்எஸ்ஐ பற்றியதல்ல, யூடிஎஸ், அதாவது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிபடாத பாகம் பற்றியது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மொத்த 18,000 சதுர மீட்டரில் சாலைக்கும் ஓஎஸ்ஆருக்கும் கொடுத்தது போக எஞ்சுவது 14,850 சதுர மீட்டர். இது முழுவதும் 240 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால், ஒரு வீட்டுக்குச் சராசரியாக 61.9 சதுர மீட்டர், அதாவது 666 சதுர அடி பிரிபடாத பாகம் வர வேண்டும். 300 வீடுகள் என்ற கணக்கில் பிரித்திருந்தால் சராசரி 49.5 சதுர மீட்டர், அதாவது 533 சதுர அடிதான் வரும். உங்கள் பத்திரத்தில் 540 சதுர அடி என்று இருக்கிறது. ஒரு வீட்டை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது; உங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு, பெரிய வீடுகளுக்குப் பாகம் கூடுதலாக இருக்கும். ஆகவே 240 பத்திரங்களிலும் உள்ள பாகங்களைக் கூட்டுங்கள். சங்கத்தில் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும். கிடைக்காதவற்றுக்கு வில்லங்கச் சான்று இருக்கிறது. கூட்டுத்தொகை 14,850-ஐத் தொட்டால், அந்த மனையில் பில்டருக்கு ஓர் அங்குலமும் இல்லை. உங்கள் அனைவரின் நிலத்தில் கட்ட அனுமதி கேட்கும் வெளியாள் அவர். கூட்டுத்தொகை 11,880 சதுர மீட்டரை ஒட்டி நின்றால், 60 வீடுகளுக்கான பாகத்தை அவர் ஆரம்பத்திலேயே தம் வசம் வைத்துக்கொண்டார் என்று பொருள். இப்போது வந்த எஃப்எஸ்ஐ உயர்வு அதற்கு வெறும் சாக்கு. அப்படியானால் வழக்கு சற்றுக் கடினமாகும், ஏனெனில் அவரும் ஒரு பங்காளி. ஆயினும் பங்காளி ஒருவர் பொது நிலத்தில் தம் விருப்பப்படி கட்டிவிட முடியாது.

அதற்குக் காரணம் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அனுமதி பெற்ற வரைபடத்திலோ பொதுப் பகுதிகளிலோ மாற்றமோ சேர்ப்போ செய்ய வேண்டுமானால், புரமோட்டர் (அதாவது பில்டர்) நீங்கலாக வீடு ஒதுக்கீடு பெற்றவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. வீடு வீடாக ஆள் அனுப்புவதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். பலரும் கவனிக்காத ஒரு விளக்கக் குறிப்பும் அந்தப் பிரிவில் உண்டு: ஒருவர் தம் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் எத்தனை வீடுகள் வைத்திருந்தாலும் ஒரே ஒதுக்கீட்டாளராகத்தான் கணக்கிடப்படுவார். உங்கள் வளாகத்தில் முதலீட்டுக்காக ஐந்தாறு வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் முதலில் கையெழுத்திட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய ஆறு கையெழுத்தும் ஒன்றுதான்.

உங்கள் கட்டுமான ஒப்பந்தத்தின் 23-ஆவது பத்தியில், 'எதிர்காலத்தில் கூடுதல் எஃப்எஸ்ஐ கிடைத்தால் அதைப் பயன்படுத்த வாங்குபவர் சம்மதிக்கிறார்' என்ற வாசகம் இருப்பதைக் கண்டேன். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது இருக்கும். பார்த்தவுடன் மனம் தளர வேண்டாம். என்ன கட்டப் போகிறார்கள், எங்கே, எத்தனை வீடு என்று எதுவும் சொல்லாமல் முன்கூட்டியே பொத்தாம் பொதுவாக வாங்கிய சம்மதம் போதாது, குறிப்பிட்ட திட்டத்தைக் காட்டிப் பெற்ற சம்மதம் வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் பழைய அடுக்ககச் சட்டத்தின் கீழ் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலிமை சேர்க்கும். கையேட்டில் பச்சை வண்ணம் பூசிய படத்தையும் பத்திரமாக வையுங்கள். விளம்பரத்தில் சொன்னதை நம்பி வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒன்றை முதலில் உறுதிசெய்து கொள்ளுங்கள். ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், திட்டத்தைப் பதிவுசெய்தபோது 'இரண்டாம் கட்டம்' என்று எதையாவது குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதைத் தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவெண்ணைக் கொண்டு பார்க்கலாம். நான்காவது கட்டடம் அப்போதே காட்டப்பட்டிருந்தால், இந்தப் பத்தியிலும் மேலேயும் நான் எழுதியவற்றில் பாதிக்கு வலு குறைந்துவிடும்.

சம்மதம் வாங்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நொய்டாவின் எமரால்டு கோர்ட் வளாகமே போதிய எடுத்துக்காட்டு. முதலில் கட்டிய கட்டடங்களில் குடியேறியவர்களுக்குத் தோட்டமாகக் காட்டிய பகுதியில், பின்னால் திருத்திய வரைபடத்தைக் கொண்டு இரண்டு உயர் கோபுரங்கள் எழுந்தன. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய தொலைவு விடப்படவில்லை. உத்தரப் பிரதேச அடுக்ககச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்களின் சம்மதமும் பெறப்படவில்லை. குடியிருப்போர் சங்கம் ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று ஏறக்குறைய 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியை விட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. திருத்திய வரைபடத்துக்கு அங்கே அதிகாரிகளின் அனுமதி இருந்தது. அனுமதி இருந்தும் கட்டடம் நிற்கவில்லை. 'சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வாங்கிவிடுவோம், உங்கள் கையெழுத்து வெறும் சம்பிரதாயம்' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் அனுமதி வந்தாலும் அது ஆட்டம் காணும்.

சட்டத்தை விட்டுவிட்டு, ஒரு நகரமைப்பாளனாக எனக்கு உள்ள கவலையையும் சொல்ல வேண்டும். நம் ஓஎஸ்ஆர் விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்து விழுக்காடு என்பது நிலத்தின் அளவைப் பொறுத்தது. அந்த நிலத்தில் எத்தனை பேர் வாழப் போகிறார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. உயரமான கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2.5 ஆக இருந்தபோதும் பத்து, 3.25 ஆனபோதும் பத்து, பிரீமியம் வாங்கி மேலும் உயர்த்தினாலும் அதே பத்து. உங்கள் 240 வீடுகளில் வீட்டுக்கு மூன்றரைப் பேர் என்று வைத்துக்கொண்டால் 840 பேர். பூங்காவில் ஒருவருக்கு வருவது 1.96 சதுர மீட்டர். இன்னும் 60 வீடுகள் வந்தால் 1,050 பேர், தலைக்கு 1.57 ஆகிவிடும். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி நகரம் முழுமைக்குமாக ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளியைப் பரிந்துரைக்கிறது. ஒரு வளாகத்துக்குள்ளேயே அதை எட்ட முடியாது, எட்டவும் வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பது இதில் தெரிகிறது. கலிபோர்னியாவில் குவிம்பி சட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே நிலத்தைப் பிரித்து விற்பவர் பூங்காவுக்குத் தர வேண்டிய இடம் அல்லது பணம், குடியேறப் போகும் மக்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 1,000 பேருக்கு 3 ஏக்கர் என்பது அதன் அடிப்படை அளவு. அந்த அளவை உங்கள் நான்காவது கட்டடத்தில் புதிதாக வரப்போகும் 210 பேருக்குப் பொருத்தினால், அவர்களுக்காக மட்டும் ஏறத்தாழ 2,550 சதுர மீட்டர் பூங்கா கேட்க வேண்டும். உங்கள் ஓஎஸ்ஆர் நிலம் முழுவதும் 1,650தான். 'முன்புறம் ஓஎஸ்ஆர் இருப்பதால் திறந்தவெளி குறையாது' என்ற பில்டரின் வாதத்தில் எவ்வளவு சாரம் இருக்கிறது என்று இப்போது நீங்களே சொல்லலாம்.

இன்னொன்று: உங்கள் பகுதியில் மழை வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் புல்வெளிக்கு அடியில் நிலவறைக் கார் நிறுத்துமிடம் இல்லை என்று வரைபடம் காட்டுகிறது. அதாவது, வளாகத்தில் மழைநீர் நேராக மண்ணில் இறங்கக்கூடிய பெரிய இடம் அது ஒன்றே. நீச்சல் குளத்தில் தண்ணீரை நிரப்ப வேண்டும், புல்வெளியில் தண்ணீர் தானாக இறங்கும். லாரித் தண்ணீருக்கு மாதந்தோறும் பணம் எண்ணும் சங்கத்துக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது.

இதற்காக, எந்தச் சூழலிலும் கையெழுத்திடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புல்வெளியைத் தொடாமல், கிளப் ஹவுஸ் நிற்கும் மேற்கு ஓரத்தில் அதையும் சேர்த்துக் குறைந்த வீடுகளுடன் ஒரு கட்டடம் என்று மாற்று வரைபடம் வந்தால், பேசிப் பார்க்கலாம். அப்போதும் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். புல்வெளி பெயரோடும் எல்லையோடும் பொதுப் பகுதியாகத் திருத்திய வரைபடத்திலும் ரெரா பதிவிலும் காட்டப்பட வேண்டும்; பொதுப் பகுதிகள் சங்கத்தின் பெயருக்குப் பத்திரம் மூலம் மாற்றப்பட வேண்டும்; கூடுதல் வீடுகளுக்கான குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றின் கணக்கைப் பில்டர் அல்லாத ஒரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது ஏற்கெனவே நடந்திருக்க வேண்டியது. நிறைவுச் சான்று வந்த சில மாதங்களுக்குள் பொதுப் பகுதிகளை ஒப்படைப்பது சட்டப்படி புரமோட்டரின் கடமை. ஐந்தாண்டாகியும் நடக்காததே அவருக்கு இந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்கிறது என்பது என் ஊகம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் சங்கத்தை அதன் கீழ் முறைப்படி அமைத்துக்கொள்வது குறித்தும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இனி வரிசையாகச் செய்ய வேண்டியவை. பொதுக்குழுவைக் கூட்டி, பில்டரின் முன்மொழிவைத் திருத்திய வரைபடத்துடன் எழுத்தில் தரும்படி தீர்மானம் போடுங்கள். இதுவரை உங்களுக்குக் காட்டியது ஒரு வண்ணப் படம் மட்டுமே. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், வரைபடத்தைப் பார்க்காமல் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகப் பில்டருக்குப் பதிவுத் தபாலில் எழுதட்டும். அதன் நகலோடு சிஎம்டிஏவுக்கும் சங்கத்தின் ஆட்சேபக் கடிதம் போகட்டும், திட்ட அனுமதி எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். யூடிஎஸ் கணக்கை முடித்த பிறகே ரெராவில் முறையிடுவது பற்றி முடிவெடுங்கள், ஏனென்றால் அந்த எண்தான் உங்கள் மனுவின் முதல் பத்தி. உள்ளாட்சியின் கடிதத்துக்குப் பதில் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பூங்காவைத் திறக்கும் நாளையும் பராமரிப்புக்கான விருப்பத்தையும் அதில் தெரிவித்து, தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், உள்ளாட்சியின் பெயருக்குப் பட்டா மாறியிருக்கிறதா என்ற விவரத்தையும் கேளுங்கள். பட்டா மாறாமல் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் ஓஎஸ்ஆர் நிலங்களைச் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படி இருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டியவர்கள் அதன் சுவருக்கு அடுத்து வாழும் நீங்கள்தான்.